வினாநிரலுக்கும் ஒரு தேர்வு வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காதவர் உங்களில் யாராவது உண்டா? கால் கிலோ கேட்கிறோம். கடைக்காரர் தராசில் வைக்கிறார். எண்ணைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தத் தராசைச் சோதித்து முத்திரையிடுவதற்கென்றே ஓர் அரசுத் துறை இருக்கிறது. குறித்த காலத்திற்கு ஒருமுறை முத்திரை வாங்காவிட்டால் கடைக்காரருக்கு அபராதம். கால் கிலோ பால்கோவாவுக்கே இத்தனை கட்டுப்பாடு! ஆனால் ஒரு மாணவியின் தன்னம்பிக்கையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு வகுப்பறைக்குள் வரும் இரண்டு பக்கத் தாளை யார் சோதித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

நான் ராஜபாளையத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் ஒரு தாளுடன் வந்தாள். “சார், எனக்குத் தன்னம்பிக்கை இல்லையாமே?” என்றாள். அவள் பள்ளியில் (பெயர் வேண்டாம்) எல்லோரிடமும் ஒரு வினாநிரலைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எப்போதும், அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை’ என்று நான்கு கட்டங்கள். கூட்டிப் பார்த்து, ‘தன்னம்பிக்கை: குறைவு. கடினமான பாடப் பிரிவுகளைத் தவிர்ப்பது நல்லது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினொன்றில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க ஆசைப்பட்ட பெண். மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா, “பள்ளிக்கூடத்திலேயே எழுதிக் கொடுத்த பிறகு நாம் என்ன சார் சொல்ல முடியும்?” என்றார்.

தாளை வாங்கிப் படித்தேன். ‘என் அறையில் தனியாக அமர்ந்து படிப்பது எனக்குப் பிடிக்கும்’ என்று ஒரு வாக்கியம். அவள் ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “தனி அறை ஏது சார்?” என்றாள். ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீடு, ஐந்து பேர். அந்தக் கேள்வி அவள் மனத்தை அளக்கவில்லை, வீட்டின் பரப்பளவை அளந்தது. அடுத்து, ‘தேர்வுக்கு முன் என் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன’ என்று இருந்தது. ஆங்கில மரபுத்தொடரை யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். “அப்படி யாருக்காவது பறக்குமா சார்?” என்று சிரித்தாள். ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டதால் அதற்கு மட்டும் முழு மதிப்பெண்! வயிற்றைக் கலக்குகிறதா, வயிற்றில் புளியைக் கரைத்தது போல் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

மூன்றாவது இன்னும் மோசம். ‘நான் முடிவெடுக்கத் தயங்குவதில்லை’ என்பது வாக்கியம். தயங்கவே மாட்டேன் என்று நினைத்து அவள் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தைக் குறித்தாள். ‘ஒருபோதும் தயங்காமல் இருப்பதில்லை’ என்று அது தலைகீழாகக் கணக்காகிவிட்டது. நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எனக்கே தலை சுற்றியது. ஆக, வீடு சிறியது என்பதற்கும் வாக்கியம் முடிச்சு விழுந்தது என்பதற்கும் சேர்த்து ஒரு பெண்ணின் படிப்பையே திருப்பிவிடப் பார்த்தது அந்தத் தாள்.

இதில் அறிவியல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். மறுபடி தராசுக்கே போவோம். ஒரே பொட்டலத்தை இரண்டு முறை வைத்தால் இரண்டு முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். இதை நம்பகத்தன்மை என்கிறோம். வினாநிரலை இன்று கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அதே மாணவர்களிடம் மறுபடி கொடுப்பார்கள். அன்று அதிக மதிப்பெண் பெற்றவர் இன்றும் அதிகம் பெறுகிறாரா என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் சொல்வார்கள். 1ஐ நெருங்கினால் நல்லது. 0ஐ நெருங்கினால் அந்த வினாநிரலும் சீட்டுக் குலுக்கலும் ஒன்றுதான். அதோடு, ஒரே குணத்தைக் கேட்கும் வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்றும் பார்ப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ‘ஆல்ஃபா’ என்ற எண் அதற்குப் பயன்படுகிறது. ஒரே கேள்வியைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா உயர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

ஆனால் தராசு எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும் பால்கோவாவின் இனிப்பைச் சொல்லாது. நூறு முறை வைத்தாலும் எடையைத்தான் சொல்லும். எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதையே அளக்கிறோமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஏற்புடைமை என்று பெயர். நம்பகத்தன்மையை இரண்டு வாரத்தில் பார்த்துவிடலாம். ஏற்புடைமையைக் காட்டுவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது, ஆகவே பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

போகாததால் என்ன கெடுதல் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் முதல் நுண்ணறிவுச் சோதனையைச் செய்தபோது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அவர்கள் நோக்கம். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த யோசனை கடல் கடந்து அமெரிக்க ராணுவத்துக்குள் போயிற்று. முதல் உலகப் போரின்போது 17 லட்சம் பேருக்கு மேல் சோதித்தார்கள். அமெரிக்கக் கடைச் சரக்குகளைப் பற்றியும் விளையாட்டுக்காரர்களைப் பற்றியும்கூடக் கேள்விகள்! அந்த நாட்டுக்குப் புதிதாகக் குடியேறியவர்கள் குறைவாகப் பெற்றார்கள். அங்கே அதிக ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அதிகம் பெற்றார்கள். இதைப் பார்த்த பிறகாவது ‘நம் சோதனை அமெரிக்கப் பழக்கத்தை அளக்கிறது’ என்று புரிந்திருக்க வேண்டாமா? மாறாக, கார்ல் பிரிகம் என்பவர் 1923இல் இன்னின்ன இனத்தார் அறிவில் குறைந்தவர்கள் என்று புத்தகமே எழுதினார். 1930இல் தம் முடிவுகள் தவறு என்று அவரே எழுதித் திரும்பப் பெற்றார். அதற்குள் 1924இலேயே குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டில் இந்த ஆபத்தை உணர்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். வி. வி. காமத் பினேயின் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி 1940இல் நூலாக வெளியிட்டார். சி. எம். பாட்டியா எழுத்தையே நம்பாமல், கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது போன்ற செயல்களைக் கொண்டு உத்தரப் பிரதேசச் சிறுவர்களிடம் சோதித்து 1955இல் வெளியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மாணவர்களைப் பற்றியதல்ல, பாட்டிகளைப் பற்றியது. முதியவர்களின் மறதி நோயைக் கண்டறிய 1975இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறு வினாநிரல் உலகெங்கும் பரவியது. ‘இன்று என்ன தேதி’ என்று கேட்கும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆங்கிலத் தேதி தெரியாது. ஆனால் ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். அவரை நோயாளி என்று எழுதினால் தவறு யாருடையது?

அரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் வேலை செய்த ஆய்வாளர்கள் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். அங்குள்ள முதியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே 1995இல் அவர்கள் வெளியிட்ட இந்தி வடிவத்தில் எழுத்து வேலை போயிற்று. தாளில் உள்ள கட்டளையைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வது போலவே செய்யுங்கள்’ என்று கேட்பவரே கண்ணை மூடிக் காட்டினார். திருப்பிச் சொல்ல வேண்டிய ஆங்கிலத் தொடருக்கு ஈடாக ‘இதுவுமில்லை, அதுவுமில்லை’ என்று பொருள்படும் இந்தித் தொடர் வந்தது. சொல்லை அல்ல, சொல்லின் வேலையைப் பெயர்த்தார்கள்.

பிறகு ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2003இல் இன்னொரு படி மேலே போயிற்று. இந்தியா, சீனா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா உட்படப் பல இடங்களில் 2885 முதியவர்களைச் சோதித்தார்கள். நோயாளிகளோடு, நோயில்லாத ஆனால் பள்ளிப் படிப்புக் குறைந்தவர்களையும் வேண்டுமென்றே தனிக் குழுவாகச் சேர்த்தார்கள். படிப்பில்லாமையை நோய் என்று நம் கருவி தவறாகப் படிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்! பாதிப் பேரின் விடைகளைக் கொண்டு கணக்கு முறையை உருவாக்கி, மீதிப் பாதியில் சோதித்தார்கள். நோயாளிகளில் 94 சதவீதத்தினரை அது கண்டுகொண்டது; படிப்புக் குறைந்த நலமானவர்களில் 6 சதவீதத்தினரைத்தான் தவறாக நோயாளி என்றது. பின்னர் இந்தக் குழுவின் வீடு வீடான ஆய்வு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் நடந்தது. தாத்தா பாட்டிகளுக்குச் செய்த இந்த மரியாதையைப் பேரன் பேத்திகளுக்கும் செய்யக் கூடாதா?

எப்படிச் செய்வது? தேர்வு பயத்தை அளக்க ஒரு வினாநிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆங்கிலத் தாளைத் தேடிப் போகக் கூடாது. ராஜபாளையத்தில் நாற்பது ஐம்பது மாணவர்களோடு உட்கார்ந்து, ‘பயம் வந்தால் உனக்கு என்ன ஆகிறது’ என்று கேட்க வேண்டும். கை வேர்க்கிறது, படித்ததெல்லாம் மறக்கிறது, பக்கத்துப் பையன் அடிஷனல் ஷீட் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவர்கள் சொல்வதே வினாவாக வேண்டும். வேண்டியதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வினாக்கள் எழுதி, சிலரைச் சத்தமாகப் படித்துப் புரிந்ததைச் சொல்லச் சொல்ல வேண்டும். என் தெருப் பெண்ணின் தனி அறை விஷயம் இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டிருக்கும், ஐந்து நிமிடம் போதும். பிறகு சில நூறு பேருக்குக் கொடுத்து, மற்ற வினாக்களோடு சேராமல் தனியே ஓடும் வினாக்களைத் தள்ள வேண்டும். இப்படித் தேறியதை அதே ராஜபாளையம் மாணவர்களிடம் காட்டி ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வது, தான் திருத்திய தாளுக்குத் தானே பரிசு கொடுப்பது போல. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிய மாணவர்களிடமும் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தேர்வு அறை வாசலில் உண்மையிலேயே நடுங்கி நிற்பவர்கள்தாம் அதிக மதிப்பெண் பெற்றவர்களா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய முடியுமா, செலவு ஆகாதா என்று பள்ளிகள் கேட்கும். நியாயம்தான். ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவரோடும் அரைமணி பேச ஆள் கிடையாது. சோதித்துத் தேறிய வினாநிரல் அங்கே பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை. சோதிக்காத தாளைக் கொடுக்கவே கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. அதன் முடிவை ஒரு மாணவரின் பெயருக்கு எதிரே எழுதாதீர்கள், பாடப் பிரிவைத் தீர்மானிக்காதீர்கள் என்கிறேன். தேறிய தாளின் மதிப்பெண்ணும்கூட ‘இவரை அழைத்துப் பேசுங்கள்’ என்றுதான் சொல்லும்.

அச்சடித்த முடிவை நாமும் எளிதில் நம்பிவிடுகிறோம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை கொடுத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதித் தந்தார். எவ்வளவு பொருத்தம் என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், வார்த்தைக்கு வார்த்தை! என் தெருப் பெண்ணும் இரண்டு நாள் அந்தத் தாளை நம்பி அழுதிருக்கிறாள். அந்தத் தனி அறைக் கேள்வியை நீ எழுதினால் எப்படி எழுதுவாய் என்று அவளைக் கேட்டேன். “வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உன்னால் படிக்க முடிகிறதா என்று கேட்பேன். எப்போதும் என்று போட்டிருப்பேன் சார்” என்றாள். நான் அவளுடைய அப்பாவோடு இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. ஃபர்ஸ்ட் குரூப்பில்தான் சேர்ந்தாள்.

உங்களுக்கு ஒரு சிறு சோதனை. ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் நிறைய உண்டு. ஒரு தமிழ் வினாநிரலின் ஐந்து வாக்கியங்களை அப்படிப்பட்ட ஒரு நண்பரிடம் கொடுத்துத் தெலுங்கில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் மூலத்தைப் பார்க்காத இன்னொரு நண்பர் அதைக் கேட்டுத் தமிழில் எழுதட்டும். இந்த மறுபெயர்ப்பு முறையைப் பற்றி ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் விரிவாக எழுதினார். இரண்டு தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிற்றில் கரைத்த புளி வழியில் என்ன ஆயிற்று, பயம் வந்து சேர்ந்ததா, வெறும் புளி மட்டும் வந்து சேர்ந்ததா என்று பார்த்து ஆசிரியருக்கு எழுதுங்கள்.