சோற்றின் மீது ஏன் இந்தப் பழி?

நம்மிடையே ஒரு புதிய வைதிகம் தோன்றியிருக்கிறது. பழைய வைதிகத்திற்குத் தீட்டு இருந்தது, இதற்கும் இருக்கிறது. சோறு தீட்டு, பாண் தீட்டு, இடியப்பம் தீட்டு, பால் தேநீர் பெருந்தீட்டு. பழையதற்குப் பரிகாரம் இருந்தது போலவே இதற்கும் உண்டு: வெளிநாட்டு முத்திரை பதித்த பெரிய பேணியில் அடைத்துவரும் புரதமா. புத்தளத்திலோ கற்பிட்டியிலோ சிலாபத்திலோ உடல் பருத்த ஒருவர், இளைக்க வேண்டும் என்று வாய் திறந்ததும் நாலாபுறமிருந்தும் பூசாரிமார் வந்து சூழ்ந்துகொள்கின்றனர். முதல் கட்டளை, சோற்றை விடு என்பது. இரண்டாவது கட்டளை, பேணியை வாங்கு என்பது.

நாம் உடல் இளைப்பதற்கு எதிரிகள் அல்லர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகளில் குடிபுகுந்துள்ளன என்பதை மருந்துச் சீட்டுகளோடு விடியுமுன்னே மருத்துவமனையில் வரிசை பிடிக்கும் கூட்டம் சொல்லும். இளைக்கத்தான் வேண்டும். அதற்கு வழியென்று விற்கப்படும் பொய்யோடுதான் நமக்கு வழக்கு.

இளைப்பின் கணக்கு எளியது. உடல் செலவிடும் சக்தியை விடச் சற்றுக் குறைவாக உண்டால் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரையும். மாப்பொருளும் புரதமும் கிராமிற்கு ஏறத்தாழ 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. இந்தக் கணக்கிற்குள் எந்தப் பண்டமும் விலக்கப்பட்டதன்று. எல்லாம் வரவு செலவுப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும், அவ்வளவே. ஒரு நாள் ஒரு பணிஸ் தின்றால் மறுவேளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். இதைத்தான் நெகிழ்வான உணவு முறை என்கின்றனர்.

ஜேர்மனிய உளவியலறிஞர் யோவாகிம் வெஸ்ற்றன்ஹோபர் 1991ஆம் ஆண்டிலேயே உணவுக் கட்டுப்பாட்டை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இறுகிய கட்டுப்பாடு. மற்றது நெகிழ்ந்த கட்டுப்பாடு. இறுகிய விதிகளைக் கைக்கொள்வோரிடையே கட்டுமீறி உண்ணும் வழக்கமும், நெகிழ்ந்து நடப்போரிடையே குறைந்த எடையும் சேர்ந்து காணப்பட்டன. இதற்கு ஜேர்மனி வரை போக வேண்டுமா என்று கேட்போர் நம் கல்யாண வீடுகளைப் பார்க்கட்டும். இருபது நாள் சோற்றைத் தொடாதிருந்த மனிதர் சகனைச் சுற்றி அறுவரில் ஒருவராக அமர்கிறார். முதற் பிடி வாய்க்குள் போனதும் விரதம் முறிந்தது. முறிந்த விரதத்திற்குள் இரண்டு பிடி என்ன, இருபது பிடி என்ன? மறுநாள் தம்மையே நொந்துகொண்டு பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறார். அவருடைய மனவுறுதியைப் பழிப்பது எளிது. உண்மையில் பழிக்க வேண்டியது அவர் கையில் கொடுக்கப்பட்ட விதியை.

சோற்றைப் பழிப்பதிலே வரலாற்றை மறந்த ஆணவமும் கலந்திருக்கிறது. 1953ஆம் ஆண்டு ஆவணி 12ஆம் நாள் இந்த நாடு ஏன் ஸ்தம்பித்து நின்றது? கொத்து 25 சதத்திற்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியை அரசாங்கம் 70 சதமாக உயர்த்தியதனால் அன்றோ! அந்த ஹர்த்தாலில் உயிர்கள் பலியாயின; பிரதமர் பதவி துறந்தார். அன்று எந்தக் கவளத்திற்காக மக்கள் துப்பாக்கியின் முன் நின்றார்களோ அந்தக் கவளத்தை இன்று நஞ்சென்று சொல்பவன் எந்தத் துணிவில் சொல்கிறான்? நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியே இருக்கிறது. மலைபோலக் குவித்த சோற்றோடு ஒரு கரண்டி பருப்பும் ஒரு துண்டு மீனும் என்ற நம் தட்டின் விகிதம் பிழையே. அது தட்டின் பிழை, நெல்லின் பிழையன்று.

இனித் தசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசு எடையை மட்டும் காட்டும். அந்த எடை எதனால் ஆனது என்பதைக் காட்டாது. 2004ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் இரு அறிஞர்கள் தம் படத்தையே வெளியிட்டனர். ஒருவர் புனே நகர் யாஜ்னிக்; மற்றவர் ஆங்கிலேயரான யட்கின். உயரத்திற்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே அளவு: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 வீதம், நம்மவர் உடலில் 21.2 வீதம். தெற்காசியராகிய நம்மிடம் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். இந்நிலையில் பட்டினி கிடந்து இளைப்பவன் கொழுப்போடு சேர்த்து உள்ள தசையையும் இழக்கிறான். பாரம் தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் சேர்ந்தால் அந்த இழப்பைப் பெரிதும் தடுக்கலாம். முன்பு பயிற்சியே அறியாதவர் கொழுப்பைக் கரைக்கும்போதே தசையை வளர்க்கவும் கூடும்.

"உழைப்பவனுக்கு எதற்குப் பயிற்சி?" என்று நம் பக்கத்துத் தோழர்களே கேட்பதுண்டு, உடலை வளர்ப்பது ஓய்வுள்ளவர்களின் ஒய்யாரம் என்பது அவர்கள் எண்ணம். புத்தளத்து உப்பளங்களில் உப்புச் சுமப்பவரைப் பாருங்கள். அதே பாரம், அதே தோள், அதே வெயில். தசை தேறுவதற்கான ஓய்வும் இல்லை, அதைக் கட்டுவதற்கான உணவும் இல்லை, மூட்டுத்தான் தேய்கிறது. பயிற்சி என்பது பாரத்தைத் தானே தெரிந்தெடுத்து, படிப்படியாகக் கூட்டி, இடையிலே ஓய்ந்து, பின் உண்பது. பாரத்தின் மீது தொழிலாளிக்கு அதிகாரம் இருக்கும் ஒரே இடம் அதுதான் என்றால் மிகையாகாது.

உடலை வருத்தும் வேலையும் எல்லோருக்கும் இன்று இல்லை. துடுப்பு வலித்த கைக்கு இயந்திரம் வந்தது. உடப்புக் கரையில் பாட்டோடு கூடி இழுத்த கரைவலைக் கயிற்றை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்க வந்தது. நடந்த தூரத்தை முச்சக்கர வண்டி விழுங்கியது. இவை வந்ததற்காக நாம் அழவில்லை. நடு முதுகு ஒடிய வலித்தவனே அதன் அருமை அறிவான். ஆனால் வேலை மாறியபோது தட்டு மாறவில்லை. சீனி போட்ட தேநீரும் கோதுமை மாவும் மட்டும் கூடின. பருத்தவனை ஒழுக்கங்கெட்டவன் போலப் பார்க்கும் கண்கள் இதைப் பார்ப்பதில்லை.

பேணிக்கு வருவோம். அதனுள் இருப்பது பெரும்பாலும் பாலாடைக்கட்டி செய்கையில் எஞ்சும் நீரை உலர்த்திய தூள். ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் ஆற்றில் ஊற்றிய நீர் அது. நல்ல புரதந்தான், மறுக்கவில்லை. ஆயினும் நெத்தலி காயும் மணற்பரப்பின் நடுவே வாழ்பவனுக்கு அது எதற்கு? தசை வளர்க்க விரும்புவோருக்கு உடல் எடையில் கிலோவிற்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவான புரதம் போதும் என்று 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். மைசூர்ப் பருப்பு நூறு கிராமில் 24, இரண்டு முட்டையில் 12, இருநூறு கிராம் சூடை மீனில் 40, ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் 18, நாள் முழுவதும் உண்ணும் அறுநூறு கிராம் சோற்றில் 16. கூட்டிப் பாருங்கள்: 110. தேங்காயை அளந்து சேர்த்து, கீரையைத் தாராளமாகச் சேர்த்தாலும் ஏறத்தாழ 1900 கலோரிக்குள் நாள் முடியும். பேணி எங்கே வேண்டியிருக்கிறது? கருவாட்டின் உப்பை மட்டும் ஊறவைத்துக் களைய வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்களும் இன்சுலின் ஏற்றுபவர்களும் மருத்துவரைக் கேட்டே எதிலும் இறங்க வேண்டும்.

ஆனால் இந்தத் தட்டு எத்தனை வீட்டில் நிறையும்? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்று ஏழை வீட்டுத் தட்டிலிருந்து முதலில் இறங்கியது சோறன்று, முட்டையும் மீனும். புத்தளம் களப்பின் நண்டு சிங்கப்பூர் உணவகத்தில் சிவந்து கிடக்கிறது; நல்ல மீன் பனிக்கட்டியில் படுத்துக் கொழும்புக்குப் போகிறது. பிடித்தவன் வீட்டிலே பாணும் சம்பலும். அந்த வீட்டிலும் ஆண்கள் உண்ட பிறகு சட்டியை வழிப்பவள் பெண். நாளெல்லாம் கருவாட்டு வாடியில் குனிந்து நின்றவளின் பங்கிற்கு வருவது சோறும் குழம்பும் மட்டுமே. பின்னர் அவள் உடல் பருத்தால், "நிறையத் தின்கிறாள்" என்பார்கள். அவளிடம் போய்ச் சோற்றையும் விடு என்றால், மிஞ்சுவது என்ன?

பூசாரிமாரின் போதனை தனி மனிதனின் நாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நாம் கூண்டில் ஏற்ற விரும்புவோர் வேறு. சாதாரண தரப் பரீட்சையைக் காரணங்காட்டி உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குத் தாரைவார்க்கும் பாடசாலை நிர்வாகங்கள் முதலாமவர். நம் தொழிலைச் சேர்ந்தவர்களே என்பதால் அவர்களை விட்டுவிட முடியாது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலைக்கும் கௌபிக்கும் இடமில்லாமல் எண்ணெய்ப் பண்டங்களை அடுக்குவோர் அடுத்தவர். விளையாட்டுத்திடலை ஆண்களின் சொத்தாக்கி, பெண்கள் மாலையில் நடப்பதற்குக்கூட ஒரு மூலையை ஒதுக்காத ஊர்ப் பெரியவர்களையும் நாம் மறக்கவில்லை.

தசை வளர்க்கக் கண்ணாடிச் சுவர் வைத்த நிலையம் தேவையில்லை. நம் முன்னோரிடம் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருந்தன. இரண்டு பேணிகளில் சீமெந்து வார்த்து நடுவே இரும்புக் குழாயைச் செருகினால் பாரம் ஆயத்தம். வெற்றுப் புரதமாப் பேணிகளுக்கும் அது நல்ல உபயோகமே. வாரத்தில் மூன்று மாலை, முக்கால் மணி நேரம் போதும். பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: திடலில் ஒரு விளக்கு, பெண்களுக்கென்று அதில் ஒதுக்கிய நேரம், பாடசாலைப் பிள்ளையின் தட்டில் ஒரு முட்டைக்காக மேலிடத்திற்கு ஒரு தீர்மானம்.