பாதித் தெரு பாக்கியிருக்கிறது, தோழர்களே!

மாணவப் பத்திரிகைத் தோழர்களே,

அக்டோபர் 2-க்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். அரசு விடுமுறை; யாரிடமும் விடுப்புக் கடிதம் நீட்ட வேண்டாம். முதல் நாள் இரவே பேருந்து ஏறுங்கள். எந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதோ, அந்த ஊரின் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. போங்கள், பேசுங்கள், தீர்மானம் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கடைசித் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். கல்லூரிச் சுவரிதழில் அதை எழுதினேன். வரிசையில் நின்ற குடங்களைப் படம் எடுத்துப் போட்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள். மறுமாதம் மீண்டும் எழுதினேன். ஊருக்குப் போனபோது அந்தத் தெரு அத்தை ஒருத்தர் கேட்டார்: “நீ எழுதுனதெல்லாம் சரிதான் கண்ணு. அதை யாரு படிக்கணுமோ அவங்க படிச்சாங்களா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டேன். 30 நாளுக்குள் பதில் வந்தது. அந்தத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று கிராம சபைப் பதிவேட்டில் ஒரு தீர்மானம்கூட இல்லை. நான் இரண்டு முறை எழுதியிருந்தேன். ஊராட்சியின் நோட்டில் ஒரு வரி இல்லை.

அதன்பின் மே 1 சபைக்கு அந்தத் தெருவே திரண்டு வந்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவர்கள் ஒரு கட்சிக் கிளையின் தோழர்கள். நானும் கூடவே நடந்தேன். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போனோம். நோட்டில் ஏற்றச் சொன்னோம், உரக்க வாசிக்கச் சொன்னோம், வாசித்ததைக் கேட்டபின்தான் கையெழுத்துப் போட்டோம். இன்று குழாய் பாதித் தெரு வரை வந்திருக்கிறது. அடுத்த வாரமே அந்தக் கிளையில் உறுப்பினர் அட்டை வாங்கினேன்.

தோழர்களே, ஊரில் கேட்க ஆளில்லாத காலம் இது. 2016-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. பெரும்பாலான கிராமங்களில் 2020 ஜனவரி வரை, நகரங்களில் 2022 மார்ச் வரை தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். வாக்குக் கேட்டு வராதவரிடம் கணக்குக் கேட்கச் சபையை விட்டால் மக்களுக்கு வேறு இடம் ஏது? அந்தச் சபையும் ஆள் சேராமல் அரைமணி நேரத்தில் முடிந்தால், நாம் எழுதும் செய்தி யாருக்கு?

“பத்திரிகையாளனுக்குக் கட்சி எதற்கு?” என்று கேட்பார்கள். நம் மொழியின் இதழியல் வளர்ந்ததே அரசியல் களத்தில்தான். ‘இந்தியா’ இதழை நடத்திய பாரதி, 1907-இல் வ.உ.சி.யோடு சூரத் காங்கிரசுக்குப் போனார். ‘தொழிலாளன்’ இதழ் நடத்திய சிங்காரவேலர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொடியேற்றினார்; பின்பு சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். அண்ணா கல்லூரியை விட்டு வந்த கையோடு சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். அவர் நடத்திய ‘திராவிட நாடு’ இதழ் அதற்குப் பிறகு வந்தது. ஒரு வார்டில் தோற்பது இழிவு என்று அவர் நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

ஆனால் ஒன்றில் கறாராக இருப்போம். கட்சிக்காரர் என்று சொல்லிவிட்டு எழுதினால் அது கருத்து. நிருபர் என்று சொல்லிக்கொண்டு கட்சி வேலை பார்த்தால் அது மோசடி. அட்டை வாங்கிய அன்றே எங்கள் ஆசிரியர் குழுவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அரசியல் செய்திகளை நான் தொடுவதில்லை. தண்ணீரைப் பற்றி எழுதினால் என் பெயருக்குக் கீழே என் கட்சியின் பெயரும் இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கட்சிக்குள் போனபின்பும் கேள்வி கேட்கும் பழக்கத்தை விடாதீர்கள். கிளைக் கூட்டம் எப்போது, வசூலித்த பணத்துக்குக் கணக்கு எங்கே, பெண் தோழர்களுக்குப் பேச வாய்ப்பு எங்கே என்று கேளுங்கள். சுவரொட்டி ஒட்ட மட்டும் உங்களைத் தேடும் கட்சியைவிட்டு வெளியே வாருங்கள்.

வீட்டில் பயப்படுவார்கள், கல்லூரியில் மிரட்டுவார்கள். ஆனால் 18 வயதில் வாக்குரிமை, 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் உரிமை. இவை சட்டம் தந்தவை. லிங்டோ குழுவின் பரிந்துரை கல்லூரித் தேர்தலில்தான் கட்சிகள் கூடாது என்கிறது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நீங்கள் கட்சிக்காரராக இருப்பதை அது தடுக்கவில்லை.

இனி வேலை. இன்றிரவே வாக்காளர் பட்டியலில் பெயரைப் பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 போடுங்கள். சென்ற சபைகளின் தீர்மானங்களைக் கேட்டு நாளைக்கே மனுக் கொடுங்கள். பதில் சபைக்குப் பிறகு வந்தாலும், எது நடந்தது, எது நோட்டிலேயே தூங்குகிறது என்று பிரித்து எழுதுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் சபை செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வர வேண்டும்; அதுதான் குறைவெண் வரம்பு. அந்த நூறு பேரின் வீடுகளுக்கு நடந்தே போங்கள், முதலில் கடைசித் தெருவுக்குப் போங்கள். நகரத்துத் தோழர்கள் உங்கள் வார்டின் பகுதி சபை எப்போது கூடும் என்று வார்டு உறுப்பினரை விடாமல் கேளுங்கள்.

எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்கு வரச் சொல்கிறேன். எங்கள் ஊரில் குழாய் நின்றுபோன இடத்தில், பதினோராவது வீட்டு வாசலில், அந்த அத்தை இன்னும் குடத்தோடு நிற்கிறார். அக்டோபர் 2 காலையில் அவரை அழைத்துக்கொண்டு சபைக்குப் போகிறேன்.

உங்கள் ஊரிலும் ஒரு பாதித் தெரு இருக்கிறது. கிளம்புங்கள், தோழர்களே!