ராணுவம் வாங்க முடியாத தேவாலயம்

1943 நவம்பர் 1. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே ஒதுங்கிக் கிடந்த இம்பர் கிராமத்து மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். 47 நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று அங்கே சொன்னது ராணுவம். ஐரோப்பாவில் இறங்கவிருந்த அமெரிக்கப் படையினர் தெருச்சண்டை பழக வீடுகள் தேவைப்பட்டன.

ஊரில் இருந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். எதிர்த்து நிற்க அவர்களிடம் ஒன்றுமில்லை. 1920களின் கடைசியிலிருந்தே, விவசாயம் நொடித்துப்போன நேரம் பார்த்து, பண்ணைகளையும் வீடுகளையும் ராணுவம் வாங்கிக்கொண்டே வந்திருந்தது. 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே பெயருள்ள ஊர். அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ராணுவத்தின் குடித்தனக்காரர்களாகி இருந்தார்கள்.

நாற்பது ஆண்டுக்கும் மேலாக அங்கே இரும்படித்த கொல்லர், தன் பட்டடை மீது சாய்ந்து அழுததாகச் சொல்வார்கள். வெளியேறிய சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அடக்கம் செய்ய உடலை இம்பருக்கே கொண்டுவந்தார்கள்.

போர் முடிந்ததும் திரும்பலாம் என்று ராணுவம் வாக்குக் கொடுத்ததாக ஊர்க்காரர்கள் கடைசிவரை சொன்னார்கள். எழுத்தில் அதற்கு ஆதாரம் சிக்கவில்லை. சிலர் டப்பா உணவுகளைச் சமையலறையிலேயே விட்டுப்போனார்கள் என்கிறார்கள். திரும்பி வருவோம் என்று நம்பாதவர் அப்படிச் செய்வாரா? எனக்கு அந்தச் சாட்சி போதும். ஊரைத் திருப்பித் தரக் கோரி 1961 ஜனவரியில் சுமார் 2,000 பேர் திரண்டு ஊருக்குள் போனார்கள். அரசு அசையவில்லை, விசாரணை நடத்தி, இம்பர் மூடியே இருக்கும் என்று முடிவு செய்தது.

ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித ஜைல்ஸ் தேவாலயத்தை ராணுவத்தால் வாங்க முடியவில்லை. அது திருச்சபையின் சொத்தாகவே இருந்தது. வீடுகள் குண்டடிபட்டு உதிர, கம்பிவேலிக்குள் அது மட்டும் தப்பியது. உள்ளே இருந்தவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கல்லில் வடித்த மாவீரர் சிலைகள் இரண்டும் பக்கத்து எடிங்டன் தேவாலயத்துக்குப் போயின. கோபுரச் சுவரில் எழுதியதை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. எந்த மணிக்குப் பின் எந்த மணியை அடிப்பது என்று 17-ஆம் நூற்றாண்டில் தீட்டிவைத்த வரிசை அது. எண்கள் இருக்கின்றன; அடிக்க ஆளில்லாமல் போனது. ஊரின் சரித்திரத்தில் என் மனதைப் பிசைவது அந்தச் சுவர்தான்.

ஒரு தேவாலயம் நின்றதால்தான் இன்றும் இம்பருக்குப் போக வழியிருக்கிறது. புனித ஜைல்ஸ் திருநாளையொட்டி, செப்டம்பர் தொடக்கத்தில், ஆண்டுதோறும் ஆராதனை நடக்கிறது. 2009 முதல் கோடையில் ஒருநாள் லண்டனின் பழைய சிவப்பு மாடிப் பேருந்துகள் அங்கே ஓடுகின்றன.

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்கள் திறப்பு நாளை விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். சாலையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் அந்த மண்ணில் கிடக்கின்றன.