நாடகத்திற்குப் பிள்ளை பிடிப்பது

பெரியவர்கள் பார்ப்பதற்கென்று போடப்படும் நாடகங்களுக்குச் சிறு பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் யோக்கியதையைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தோம். சமீபத்தில் அப்படிப்பட்ட பரீட்சை ஒன்றில் நாமே உட்கார நேர்ந்துவிட்டபடியால், இனியும் வாய்மூடி இருப்பது நாணயமாகாது என்று இதை எழுதுகிறோம்.

நாடகம், குடியினால் பாழான ஒரு குடும்பத்தைப் பற்றியது. நோக்கம் நல்லதுதான். தகப்பனிடம் அடிபட்டு அழும் பையன் வேஷத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. வந்திருந்த பையன்களை ஒவ்வொருவராக அழச் சொன்னார்கள். எட்டு வயதுள்ள ஒருவனுக்கு அழுகை வரவில்லை. நாடகம் நடத்துகிறவர் அவனருகில் போய், "உன் அம்மா செத்துப் போய்விட்டாளடா!" என்றார். பையன் கதறிவிட்டான். எல்லோரும் கைதட்டி, "இவனே சரி" என்றார்கள். நாமும் கைதட்டினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். வாசலில் நின்றிருந்த தாயார் ஓடிவந்து அணைத்துக்கொண்ட பிறகும் அவன் விம்மல் அடங்கவில்லை.

இதற்குப் பெயர் நடிப்பா? நடிப்பென்றால் அழுகிறவனுக்கு அது பொய்யென்று தெரிந்திருக்க வேண்டாமா? அங்கே நடித்தவர் நாடகக்காரர், ஏமாந்தவன் பையன்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பையன்களைக் கொண்டே ஒரு சபை அமைத்தார். பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை, பிள்ளைகள் கேட்பார்கள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பின்னால் பாய்ஸ் கம்பெனிகள் பல கிளம்பின. காதல் வசனம் பேசினவர்களும், ஸ்திரீ வேஷம் கட்டினவர்களும் சிறுவர்கள். விடிய விடிய உட்கார்ந்து ரசித்தவர்கள் பெரியவர்கள். மகரக்கட்டு உடைந்து குரல் போனால் வேஷமும் போய்விடும். சிவாஜி கணேசன் சிறுவனாயிருந்தபோது தம்மை அநாதை என்று சொல்லிக்கொண்டே கம்பெனியில் சேர்ந்ததாகக் கூறியிருக்கிறார். கேட்க நாதியில்லாத பிள்ளைக்குக் கதவு திறக்கும் என்பது ஒரு சிறுவனுக்கே தெரிந்திருந்தது என்றால், அக்கம்பெனிகளின் யோக்கியதைக்கு வேறு சாட்சி எதற்கு?

"அவை இல்லாவிட்டால் டி. கே. சண்முகமும் எம்.ஜி.ஆரும் கிடைத்திருப்பார்களா?" என்று சிலர் கேட்கலாம். பேர் பெற்றவர்களைச் சொல்லுகிறார்களே, பேர் தெரியாமல் போனவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

இன்று சட்டம் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட கலைஞர்களைப் பற்றி 2017ல் செய்த விதிகளின்படி, நாளொன்றுக்கு 5 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வின்றி 3 மணிக்கு மேல் கூடாது. வருமானத்தில் 100க்கு 20 பங்காவது பிள்ளையின் பேரில் பாங்கியில் போடவேண்டும். பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நல்லதுதான். ஆனால் ஆள் பொறுக்கும் அந்த அரைமணி நேரத்தைப் பார்க்க எந்த அதிகாரி வரப்போகிறார்? அங்கே இருப்பவர்களின் அறிவுதான் சட்டம்.

ஆகவே நாடகம் போடும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பிள்ளைக்கு முதலில் கதை முழுவதையும் சொல்லுங்கள். அதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். "இது பொய், விளையாட்டு, உனக்கு இஷ்டமா?" என்று கேளுங்கள். தாயையோ தகப்பனையோ வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்கார வையுங்கள். வேண்டாமென்று அனுப்பும் பையனிடமும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வாய் கூசும் காட்சியில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். அடி விழும் சத்தம் திரைக்குப் பின்னால் கேட்டால் போதாதா? பார்க்கிறவர்கள் பெரியவர்கள்தானே, அவர்களுக்குப் புரியாதா?

அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவர்களைப் பரிகாசம் செய்கிறவர்கள் நாம். அர்த்தம் தெரியாத பிள்ளையின் வாயில் வசனத்தைத் திணித்துவிட்டு அதற்குச் சீர்திருத்த நாடகம் என்று பெயர் வைத்தால் நம்மை யார் மதிப்பார்கள்?

அந்தப் பையன் ஒத்திகைக்கு வரவில்லை. தாயார் அனுப்பவில்லையாம். ஊரூராய்ப் போய்ப் பகுத்தறிவு பேசும் நமக்கு அன்று இல்லாத அறிவு அந்த அம்மாளுக்கு இருந்தது.