உருண்டைக் கட்டைக்குச் சதுரக் கணக்கா?

சனி விலக வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ குச்சனூருக்கு வருகிறார்கள். ஆனால் இதே வட்டாரத்தில் வரப்போரம் தேக்கும் வாகையும் வளர்த்த விவசாயியைப் பிடித்த சனி, மர வியாபாரியின் டேப்பில் உட்கார்ந்திருக்கிறது!

கட்டையை எப்படி அளக்கிறார்கள்? நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குகிறார்கள். இது 1736-ல் எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் நூலாக வெளியிட்ட கணக்கு. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் கணக்குப் போகவில்லை!

பட்டை உரித்த கட்டை ஒன்று. நீளம் 10 அடி, நடுச் சுற்றளவு 4 அடி. இவர்கள் கணக்கில் 10 கன அடி. உள்ளபடி உருளைக் கணக்கில் 12.73 கன அடி. நூற்றுக்கு 21.5 பங்கு ஏட்டிலேயே மாயம்!

"சதுரித்தால் 8 கன அடிதானே தேறும்?" என்கிறார்கள். சதுர உத்தரம் மட்டும் எடுத்தால் 8.1 கன அடிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பக்கத்துத் துண்டுகளும் எங்கே போகின்றன? ரீப்பராகின்றன, விறகாகின்றன. மரத்தூளும் காசாகிறது. கழிவென்று கழித்ததையும் விற்கிறவருக்குக் கழிவு எதற்கு?

"விலையை அதற்குத் தக்கபடிதானே பேசுகிறோம்" என்பது அடுத்த வாதம். எந்தக் கணக்கென்று தெரியாதவனிடம் பேசும் பேரம் நியாயமான பேரமா?

இதோடு நிற்பதில்லை. நடுவை விட்டுச் சிறுத்த முனையில் டேப்பைச் சுற்றி 44 அங்குலம் என்றால், 10 கன அடி 8.4 ஆகிறது. உரித்த கட்டைக்கும் "பட்டைக் கழிவு" 4 அங்குலம் என்றால், 6.94! ஏறத்தாழப் பாதி மரம் பறிபோகிறது. இதற்குப் பெயர் வியாபாரமா, பகற்கொள்ளையா?

சுமை தூக்கும் தொழிலாளியின் தோளில் ஏறுவதோ முழுக் கட்டை. கன அடிக் கணக்கில் கூலி பேசினால், அவன் சுமந்த பாரத்திலும் அதே 21.5 பங்கு ஏட்டில் ஏறுவதில்லை. ஒரே டேப், இரண்டு வர்க்கத்தின் வயிற்றில் அடிக்கிறது.

1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 2009-ன் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. பலசரக்குக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கும் சர்க்கார், மரம் அளக்கும் இடத்தில் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

நாம் கோருவது இதுதான்: விற்பவர் கண்முன்னே நடுச் சுற்றளவை அள! எந்தக் கணக்கென்று சீட்டில் எழுதிக் கொடு! கன மீட்டரில் முழு அளவைக் குறி! கூலிக்கும் அதே முழு அளவை வை!

விவசாயிகளே, தொழிலாளர்களே! தனித்தனியே பேரம் பேசி ஏமாந்தது போதும். சங்கமாகச் சேருங்கள். டேப்பின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்!