காசு கொடுத்தவனே மெக்கானிக்!

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி எட்டு நாள் ஆகிறது. கணக்கு எழுதினால் சமர்த்தாக ஓடுகிறது. இன்டர்நெட்டில் சினிமா போட்டால் பத்தே நிமிஷத்தில் படம் உறைந்து, மெஷினே அணைந்து போகிறது. “நீங்கள் என்ன ஸார் செய்தீர்கள்?” என்கிறார் கடைக்காரர். சினிமா பார்த்தேன் ஐயா, வேறென்ன!

அவர் சொன்ன வைத்தியம், பிரௌஸரில் ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷ’னை நிறுத்துவது. நிறுத்தினேன்; படம் ஓடுகிறது. சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் காட்டவென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி உண்டு. அதைப் படுக்கவைத்து, அதன் சுமையையும் பிராஸஸர் தலையில் ஏற்றியாயிற்று. விசிறி அலறுகிறது. கோளாறு, பெரும்பாலும் அந்தச் சிப்பிலோ அதை இயக்கும் டிரைவரிலோ, இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதற்குப் பெயர் ரிப்பேரா?

குறையுள்ள சரக்கை மாற்றித் தரும்படி உத்தரவிட 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார்.