திட்டாமலும் திருத்தலாம்
லினஸ் டோர்வால்ட்ஸ், சக நிரலாளர்களைத் திட்டியதற்காக 2018 செப்டம்பரில் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை மறுபடி படித்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுவோருக்குப் புதிய நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான். இனி நிரலின் தரம் என்னவாகும் என்று பலர் பதறினார்கள். என் மனம் நின்றதோ வேறிடத்தில்: பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாக அவர் சொன்ன வரியில். 1991 முதல் அந்தத் திட்டத்தின் தலைவராக இருப்பவர் அப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! சில வாரம் விலகியிருந்து அக்டோபரில் திரும்பினார். கெர்னல் இன்றும் வளர்கிறது. பிழையான நிரலைத் தயங்காமல் நிராகரிக்கலாம். எழுதியவரை ஏன் இழிவுபடுத்த வேண்டும்? கூலி கேளாமல், தயங்கித் தயங்கித் தன் முதல் திருத்தத்தை அனுப்பும் புதியவருக்கு மரியாதை உண்டென்ற உறுதி வேண்டும். திறமூலக் குழுக்கள் அதை எழுத்தில் வைக்கட்டும், வைத்தபடி நடக்கட்டும்.